விதைநெல்லைக் குறைக்கலாமா என்பதை உங்கள் வயலிலேயே சோதித்தறியும் முறை

நெல்லை வீசி விதைப்பதற்கு ஹெக்டேயருக்கு 100 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல் விதை போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. வன்னியில் மூன்று புசலும் அதற்கு மேலும் விதைப்பவர்கள் பலர். அவர்களை அறியாமையில் செய்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. மானாவாரியில் புழுதி விதைப்புச் செய்பவருக்கு ஐப்பசி மழை எப்போது இறங்கும் என்பது தெரியாது. முளைத்ததில் ஒரு பங்கு காயும், ஒரு பங்கைப் பறவை பொறுக்கும், மீதி அடர்ந்து நின்றால்தான் களை அமுங்கும் என்பது அவர் கணக்கு. அதேவேளை, அடர்ந்த பயிரில் சாறு உறிஞ்சும் பூச்சியான கபிலநிறத் தத்தி பெருகுவதும், மெலிந்த தாள்கள் சாய்வதும் உண்மையே. குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடவில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் தரும் விடை உங்கள் மண்ணுக்கும் நீருக்கும் அப்படியே பொருந்துமா என்பதை உங்கள் காணிதான் சொல்ல வேண்டும். அதற்கான சோதனையை ஒரு கயிறு, ஒரு தராசு, ஒரு ஈரப்பதமானி, ஒரு கொப்பி ஆகியவற்றைக் கொண்டே செய்துவிடலாம்.

முதலாவது விதி, ஒரு போகத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்பது. விதை அளவைக் குறைக்கும்போதே இனத்தையும் மாற்றி, யூரியா போடும் நாளையும் தள்ளினால், விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே இரு பாதிக்கும் ஒரே இனம், ஒரே விதைமூடை, ஒரே நாள் விதைப்பு என்று இருக்க வேண்டும். இனங்களையே ஒப்பிட விரும்புபவர் ஒரே வயதுடையவற்றை எடுக்க வேண்டும், பி.ஜி. 250 இரண்டரை மாதம், பி.ஜி. 300 மூன்று மாதம், நாம் கீரிச்சம்பா என்னும் பி.ஜி. 360 மூன்றரை மாதம் என்று எண்ணே வயதைக் காட்டிவிடும்.

இரண்டாவது, பழைய முறையும் புதிய முறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். என் முதற் சோதனையில் நான் வாய்க்காலோரத்து நல்ல துண்டைப் புதிய முறைக்கும், மேட்டுத் துண்டைப் பழைய முறைக்கும் கொடுத்துவிட்டு, வந்த வித்தியாசத்தைக் கண்டு ஒரு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நான் அளந்தது விதையை அல்ல, தண்ணீரை. ஆகையால் ஒரே வரம்புக்குள் இருக்கும் துண்டை இரண்டாகப் பிரியுங்கள். பிரிக்கும் கோடு மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஓடட்டும், அப்போதுதான் இரு பாதிக்கும் மேடும் பள்ளமும் சமமாகக் கிடைக்கும். எந்தப் பாதிக்கு எந்த அளவு என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானியுங்கள், ஏனெனில் கை தன்னை அறியாமலே நல்ல பக்கத்தைப் புதியதற்குக் கொடுக்கும். இவ்வாறு குறைந்தது மூன்று துண்டுகளில் மூன்று சோடிகள் அமைய வேண்டும். பசளையைச் சோதிப்பவராயின் நடுவில் ஒரு சிறு வரம்பு கட்டி, இரு பாதிக்கும் தனித்தனி மடை திறக்க வேண்டும். இல்லாவிடில் இந்தப் பாதியில் போட்ட யூரியா தண்ணீரோடு அந்தப் பாதிக்குப் போய்விடும்.

பக்கத்தில் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லாத சோதனை எவ்வளவு விலை கேட்கும் என்பதை நாம் 2021 இல் கண்டோம். மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது.

விதைத்த பின்னர் கொப்பி எழுதுவதில் சோம்பல் கூடாது. விதைப்பு நாள், முதல் மழை, களைநாசினி அடித்த நாளும் செலவும், பன்றி புகுந்த இடம் ஆகியவற்றை அன்றன்றே பாதி வாரியாகக் குறித்துவையுங்கள். இரண்டு புசல் விதைத்த பாதியில் ஒரு களைநாசினி கூடுதலாகத் தேவைப்பட்டிருந்தால், அது விளைச்சலில் தெரியாது, செலவில்தான் தெரியும்.

அறுவடை அளவீட்டில்தான் அதிகம் பிழை விடுகிறோம். இயந்திரம் வருவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே மாதிரியைக் கையால் வெட்டிவிட வேண்டும். எனக்கு ஒரு பெரும்போகத்தில் வெட்டு இயந்திரம் சொன்ன நாளுக்கு முதல்நாள் இரவே வந்து, இரண்டு பாதியையும் சேர்த்து வெட்டி ஒரே மூடையில் கொட்டிவிட்டுப் போனது. நான்கு மாத வேலை அந்த இரவோடு போயிற்று. நைலோன் கயிற்றில் முடிச்சிட்டு 2 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் நீளமும் கொண்ட சட்டமாக நான்கு தடிகளில் இழுத்துக் கட்டினால் 5 சதுர மீற்றர் கிடைக்கும். வரம்போரத்துப் பயிர் வெளிச்சம் கூடுதலாகப் பெற்றுக் கொழுத்து நிற்குமாதலால் ஒரு மீற்றராவது உள்ளே தள்ளியே சட்டத்தை வையுங்கள். இடத்தைக் கண்ணால் தெரிவு செய்யாதீர்கள். வரம்பிலிருந்து இத்தனை அடி நடந்து நிற்கும் இடம் என்று முன்னரே முடிவு செய்து, எல்லாப் பாதிகளிலும் அவ்வாறே நடவுங்கள். அடிப்பகுதி சட்டத்துக்குள் இருக்கும் தாளை மட்டும் வெட்டி, அடித்து, தூற்றி, நிறுத்து, அப்போதே ஈரப்பதத்தையும் அளந்துகொள்ள வேண்டும்.

கணக்கு இதுதான். நிறையை 100 இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86 ஆல் வகுத்தால், 14 சதவீத ஈரத்தில் இருக்கக்கூடிய நிறை வரும். 20 சதவீத ஈரத்தில் 2.6 கிலோ நிறுத்தால், அது 2.42 கிலோவாகும். அதை 5 ஆல் வகுத்து, ஒரு ஏக்கரின் 4,047 சதுர மீற்றரால் பெருக்கினால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,958 கிலோ.

இலாபத்தைப் பார்க்க நான் செலவையும் நெல்லாகவே மாற்றிக்கொள்வேன். மிச்சமான விதையின் விலையை வயற்கரையில் கேட்கும் நெல்விலையால் வகுத்தால் எத்தனை கிலோ நெல் மிச்சம் என்பது வரும்; கூடுதலாக அடித்த களைநாசினியையும் கூலியையும் அவ்வாறே கிலோவாக்கிக் கழித்துவிடுங்கள். விதைநெல் வயற்கரை நெல்லைவிட விலை கூடியது என்பதால், விளைச்சல் சற்றே குறைந்தாலும் குறைத்து விதைத்த பாதி முந்திவிடலாம். விளைச்சல் கூடிய பாதியே இலாபம் தந்த பாதி என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

மூன்று சோடிகளும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் உடனே நம்ப வேண்டாம். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக அப்படிச் சாய்வது நான்கு தடவைக்கு ஒரு தடவை நடக்கக்கூடியது. அடுத்த பெரும்போகத்திலும் மீண்டும் செய்து ஆறும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த வாய்ப்பு 32 இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். சிறுபோகத்து முடிவை இதோடு சேர்க்காதீர்கள். குளத்துநீரில் சேற்று விதைப்புச் செய்யும் போகத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். சோடிகள் இரு பக்கமும் சிதறினால் கொப்பியை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ காட்டிக் கேட்கலாம். முழுக் காணிக்கும் மாறிய பின்னரும் ஒரு துண்டின் பாதியையாவது பழைய அளவில் விதைத்து வாருங்கள். மழை பிந்திய வருடத்தில் அந்தப் பாதி என்ன செய்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.