பார்கின்சன் மாத்திரை மாறும்போது வீட்டில் நேரும் தவறுகள்

பார்கின்சன் என்னும் நடுக்குவாத நோய்க்காகப் பாளையங்கோட்டையில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ பேருந்து ஏறும் குடும்பத்தின் கையில் புதிய மருந்துச் சீட்டு இருக்கும். அதில் மாறியிருப்பது மாத்திரையா, அளவா, நேரமா என்ற பேச்சு பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்த பிறகே தொடங்குகிறது. மருந்துச் சீட்டை வாங்கிய இடத்திலேயே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளாததுதான் முதல் தவறு. பின்னால் வரும் பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அட்டையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஏமாறுவதை எடுத்துக்கொள்வோம். பார்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவும் அதற்குத் துணையான கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரைகள் 110, 125, 275 என்ற எண்களோடு விற்கப்படுகின்றன. இவை இரு மருந்துகளின் மில்லிகிராம் கூட்டுத்தொகையாகும். 110இல் லெவோடோபா 100, கார்பிடோபா 10. 125இல் லெவோடோபா அதே 100, கார்பிடோபா மட்டும் 25. 275இல் லெவோடோபா 250, கார்பிடோபா 25. லெவோடோபா மூளையை எட்டும் முன்பே உடலில் வீணாகாமல் காப்பதும் குமட்டலைக் குறைப்பதும் கார்பிடோபாவின் வேலை. எனவே 110இலிருந்து 125க்கு மாற்றினால் “வீரியத்தைக் கூட்டிவிட்டார்” என்று அஞ்ச வேண்டியதில்லை. மாறாக, மருந்துக்கடையில் 125 இல்லையென்று 275ஐ வாங்கிவந்தால், லெவோடோபா இரண்டரை மடங்காகிவிடும்.

அடுத்தது நேரம். லெவோடோபாவின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே “காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்குப் பின்” என்று நாம் பழகிய கணக்கு இதற்குப் பொருந்தாது. மருத்துவர் எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று குறித்திருந்தால் அதே மணிக்குத்தான் கொடுக்க வேண்டும். பொதுவாக உணவுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ கொடுப்பது நல்லது, ஏனெனில் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளையின் வாயிலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுகின்றன. நம் பக்கத்து உளுந்தஞ்சோறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மதிய மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மூன்று மணிக்குக் கால் எழவில்லை என்றால், புதிய மருந்தைக் குறைசொல்வதில் நியாயமில்லை. அதற்காக உளுந்தையும் மீனையும் அடியோடு நிறுத்தி முதியவரை மெலியவிடுவது இன்னொரு தவறு. புரதம் மிகுந்த உணவை இரவுக்குத் தள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். புதிய மருந்தில் குமட்டல் இருந்தால் மாத்திரையோடு இரண்டு ரஸ்க் கொடுப்பதில் கெடுதல் இல்லை. இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைத் தடுக்கும் என்பதால், இரண்டுக்கும் இடைவெளி வேண்டும்.

குமட்டலுக்கும் தலைச்சுற்றலுக்கும் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவது நம் ஊரில் வெகு இயல்பாக நடக்கிறது. மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின் ஆகியவை, உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுத்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டக்கூடியவை. பார்கின்சன் இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லாமல் இவற்றை வாங்கிவிட்டு, “புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று முடிவுகட்டுவோர் உண்டு.

சித்த மருத்துவம் வேரூன்றிய ஊர் என்பதால் பூனைக்காலி விதைச் சூரணமும் பேச்சில் வரும். அவ்விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் மருத்துவரிடம் மறைத்து மாத்திரையோடு சேர்த்து உண்பது ஆபத்து. எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பழைய மாத்திரையைத் திடீரென நிறுத்துவது. உடல் விறைத்து, கடும் காய்ச்சலும் மனக்குழப்பமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விசேஷத்துக்கு வெளியூர் சென்று மாத்திரை தீர்ந்துவிட்டதென்று இரண்டு நாள் விட்டுவிடுவதும் இதில் அடங்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை விழுங்கச் சிரமமென்று இடித்துக் கொடுப்பதும் கூடாது. மெல்ல வெளிப்பட வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கை, கழுத்து, உடல் தாமாக நெளிவதைப் பலர் நடுக்கம் என்று எண்ணி இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அந்த நெளிவு பெரும்பாலும் மருந்து மிகுதியாவதால் வருவது. ஆகையால், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நடை இலகுவானது, எப்போது நெளிவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாளில் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். டோபமினைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளின் அளவை வாரக்கணக்கில்தான் உயர்த்துவார்கள். அந்த வகை மருந்து தொடங்கியபின் அளவற்ற செலவோ கைபேசியில் பணம் வைத்துச் சீட்டாட்டமோ புதிதாகத் தலைகாட்டினால், அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம் என்பதால், குணக்கேடென்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் அளவு மாறும் நாட்களில் கூடக்கூடும். படுக்கையில் சற்று உட்கார்ந்திருந்து எழுவதும், அந்த வாரங்களில் தாமிரபரணிப் படித்துறைக்குத் தனியே குளிக்கப் போகாமல் இருப்பதும் நல்லது.