வாயில் ‘எண்டு’, புத்தகத்தில் ‘என்று’: தரம் ஒன்றில் பார்வைச் சொற்கள்

யாழ்ப்பாணத்தில் தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கிறேன். எழுத்துக் கூட்டாமல் கண்டவுடன் வாசிக்க வேண்டிய சொற்களைத்தான் பார்வைச் சொற்கள் என்கிறோம். ஆங்கிலத்துக்கு எட்வர்ட் டொல்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936இல் இப்படி 220 சொற்களைத் தொகுத்தார். அதை மொழிபெயர்த்து வைத்தால் எங்களுக்குப் பயனில்லை. அங்கே தனிச்சொல்லாக நிற்கிற to, in போன்ற சில, தமிழில் ‘வீட்டுக்கு’, ‘வீட்டில்’ என்று சொல்லோடு ஒட்டிவிடும்.

ஆகவே பட்டியலை நாங்களே எடுக்க வேண்டும். வாசிப்புப் பாடம் நாலைந்தை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்குக் கோடு போடுங்கள்: ஒரு, இந்த, அது, இல்லை, என்று. கிழமைக்கு நாலு சொல் போதும். ‘அவன்’, ‘அவள்’ இரண்டையும் ஒரே கிழமையில் எடுக்காதீர்கள். கடைசி எழுத்தைப் பார்க்காமல் ஊகித்துச் சொல்லப் பழகிவிடுவார்கள்.

நான் முதலில் எடுப்பது ‘ன்று’ வரும் சொற்களை. எங்கள் பிள்ளைகள் ஒண்டு, மூண்டு, எண்டு என்று கேட்டு வளர்கிறவர்கள். ஒருநாள் ஒரு பிள்ளை விரலை வைத்து “ஒ... ன்... று” என்று சரியாகவே கூட்டினான். கூட்டிவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றான். எழுத்தெல்லாம் தெரிகிறது, சொல் தெரியவில்லை. நான் ஒரு விரலைக் காட்டி, “இது எத்தினை அப்பன்?” என்றேன்.

“ஒண்டு ரீச்சர்.”

“அதுதான் ராசா இது.”

குனிந்து அந்தச் சொல்லை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு பக்கம் முழுக்க அதைத் தேடத் தொடங்கிவிட்டான்.

அதனால் வாயிலிருந்து தொடங்குங்கள். “மழை வரும் எண்டு அம்மா சொன்னவ” என்று பிள்ளைகளைச் சொல்ல விடுங்கள். கரும்பலகையில் ‘மழை வரும் என்று அம்மா சொன்னார்’ என்று எழுதுங்கள். நாங்கள் கதைப்பது இப்படி, புத்தகம் எழுதுவது இப்படி, அவ்வளவுதான். ‘எண்டு’ பிழை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது அந்தப் பிள்ளையின் அம்மம்மா பேசும் தமிழ்.

பிறகு அட்டை. பழைய கலண்டர் மட்டை போதும். ‘எ’ கறுப்பில், ‘ன்று’ சிவப்பில். பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் தொட்டு ஒலியைச் சொல்லட்டும், அட்டையைக் கவிழ்த்துவிட்டு மேசையில் விரலால் எழுதட்டும், நிமிர்த்திச் சரிபார்க்கட்டும். அட்டையைக் காட்டிக் கத்த வைப்பதால் மட்டும் சொல் மனதில் நிற்காது, எழுத்தும் ஒலியும் பொருந்தும்போதுதான் ஒட்டும். ‘என்று’ பிடிபட்டதும் ஒன்று, மூன்று, நின்று, கன்று எல்லாவற்றையும் சிவப்புப் பகுதி நேராக வரும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள்.

மறுநாள், இரண்டு நாள் கழித்து, அடுத்த கிழமை என்று திருப்பிக் காட்டுங்கள். மனதுக்குள் இரண்டு எண்ணும்வரை பொறுங்கள். வரவில்லையா, சரி, நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டு அந்த அட்டையை அட்டைக்கட்டுக்குள் மூன்றாவதாகச் செருகுங்கள். சற்று நேரத்தில் மறுபடி வரும். எல்லோர் முன்னாலும் திணற விடாதீர்கள்.

அட்டையில் சரியாகச் சொன்னால் மட்டும் முடிந்ததாக நான் எடுப்பதில்லை. பலகையில் புதிதாக ஒன்று எழுதுவேன்: ‘கன்று அம்மா என்று கத்தியது.’ எங்கும் நிற்காமல் வாசித்த பிள்ளைக்கு அந்தச் சொல் எழுதிய சின்ன அட்டை ஒன்று, கொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக.