கண்ணில் படுகிற சொல் தேடலில் வரவில்லை

எபிரேய எழுத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டு இத்தாலியப் புலம்பல் பாட்டு ஒன்றை இரண்டு விசைப்பலகைகளில் மாறி மாறித் தட்டச்சு செய்திருந்தேன். அதில் ‘ஸியோன்’ என்று தேடினால் சில வரிகள் வரவே இல்லை, சொல்லோ கண்ணெதிரே இருக்கிறது! ஒவ்வோர் எழுத்தின் யூனிகோடு எண்ணையும் பார்த்தபோதுதான் புரிந்தது: ஓரிடத்தில் ‘வாவ்’ என்ற எபிரேய எழுத்தும் அதன் மேல்புள்ளியும் சேர்ந்து ஒரே குறியீடு, இன்னோரிடத்தில் தனித்தனியாக இரண்டு. பைத்தான் நிரல்மொழியில் உரையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்து வெவ்வேறு விதமாகப் பதிவாகியிருந்தால் ஒரே சீராக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் ஒன்று, புள்ளிகளை மொத்தமாக நீக்கிவிடாதீர்கள். வாவுக்கு மேலே புள்ளி என்றால் ஓ, நடுவில் என்றால் ஊ. அது போனால் பாட்டில் உள்ள இத்தாலிய வட்டாரப் பேச்சின் ஒலியே போய்விடும். புள்ளியில்லாத பிரதி ஒன்றைத் தேடலுக்கு மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.