இரும்பில் குறியிடும்போது நடக்கும் தவறுகள்

போன வாரம் குன்னூரில் எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் பிளாட் என்று நாங்கள் சொல்லும் நீளமான இரும்புப் பட்டை ஒன்றில் பத்துத் துளைகளுக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தான். முதல் கோட்டிலிருந்து 120 மில்லிமீட்டர் அளந்தான், கோடு கீறினான். ஸ்கேலைத் தூக்கி அந்தக் கோட்டில் வைத்தான். மறுபடி 120, மறுபடி கோடு. நான்காவது கோட்டில் அவன் கையிலிருந்து ஸ்கேலை வாங்கிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. பத்தொன்பது வயதில் நானும் இப்படித் தாவித் தாவி அளந்தவன்தான் என்பதை அப்போதே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். மாலை டீ குடிக்கும்போதுதான் சொன்னேன்.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஸ்கிரைபர் என்ற கீறும் ஊசியின் முனை மழுங்கக் கூடாது, மூலைமட்டத்தைக் கீழே போடக் கூடாது, பிசிறை அரத்தால் எடுத்த பிறகே அளக்க வேண்டும் என்பதையெல்லாம் ஐ.டி.ஐ.யில் முதல் மாதமே சொல்லித்தருகிறார்கள். அவற்றுக்குள் போகவில்லை. தெரிந்த பிறகும் கை செய்துகொண்டே இருக்கும் தவறுகள் சில உண்டு. பொருளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புபவை அவைதான்.

கோட்டிலிருந்து கோட்டுக்குத் தாவுவது

அந்தப் பத்தொன்பது வயதில் எனக்கு வந்தது, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கன்வேயர் செய்யும் வேலை. இரண்டு பக்கமும் சானல் என்ற ‘ப’ வடிவ இரும்புச் சட்டம், ஒவ்வொன்றும் 3600 மில்லிமீட்டர் நீளம். நடுவில் ரோலர்கள், அவற்றின் மேல் பெல்ட். ஒவ்வொரு சானலிலும் 24 துளைகள். முனையிலிருந்து 75-இல் முதல் துளை, பிறகு 150 இடைவெளியில் வரிசையாக, கடைசித் துளைக்கு அப்பால் மறுபடி 75 மிஞ்ச வேண்டும். ஒரு சானலை என்னிடம் கொடுத்தார்கள். மற்றதை என்னைவிட மூத்த அண்ணன் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

அவர் டேப்பை ஒரு முனையில் பிடித்து நீட்டி வைத்து, அதை நகர்த்தாமலேயே எல்லாக் குறிகளையும் வைத்தார். எனக்கு அது மெத்தனமாகத் தெரிந்தது. நான் ஒரு நல்ல எஃகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாக, மிகக் கவனமாக அளந்தேன். மேஸ்திரி வந்து நடுவில் இரண்டு மூன்று இடைவெளிகளைப் பார்த்தார். 150, 150, 150. தலையசைத்துவிட்டுப் போனார். நான் துளை வரும் இடங்களில் குழி விழப் பஞ்ச் குத்தினேன், துளையும் போட்டாயிற்று.

தொழிற்சாலையில் கொண்டுபோய்ப் பூட்டியபோது தொடக்கத்தில் ரோலர்கள் நேராக நின்றன. போகப்போகக் கோணல் தெரிந்தது. கடைசி ரோலர் கண்ணுக்கே தெரியும்படி ஒரு பக்கம் முந்தி நின்றது. அளந்து பார்த்தால் என் சானலில் கடைசித் துளை 11 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. 75 மிஞ்ச வேண்டிய இடத்தில் 64. பெல்ட்டை ஓட்டியவுடன் அது ஒரு பக்கமாக ஏறிச் சட்டத்தில் உரசியது. ஓரம் பிய்ந்து நூல் வெளியே வந்தது. மழை விட்டுக் கொழுந்து குவியும் பருவம் அது. அரைத்த இலை யாருக்காகவும் காத்திருக்காது. நேரம் தப்பினால் அதன் நிறமும் போய்விடும், மணமும் போய்விடும். அன்று அந்த வரிசை நின்றுபோனது. தரையில் கொட்டிக் கிடந்த இலையின் புளித்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

23 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருக்கிறது. தனியாக அளந்தால் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும் அளவு அது. மேஸ்திரி பார்த்தபோதும் அதனால்தான் சரியாகத் தெரிந்தது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், கடைசியில் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. நம் கை ஒரே பக்கம்தான் தவறும். மூலைமட்டத்தின் விளிம்பில் ஸ்கிரைபரைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்தால், கூம்பின் உடல் விளிம்பில் முட்டி, முனை கொஞ்சம் விலகியே கீறும். ஒவ்வொரு கோட்டிலும் அதே பக்கம், அதே அளவு விலகும். அடுத்த அளவு அந்த விலகிய கோட்டிலிருந்துதான் புறப்படுகிறது. கடன் வட்டி போலத் தவறு முதலோடு சேர்ந்துகொண்டே போகும்.

கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில் பாதையைப் பார்த்திருப்பீர்கள். 1899 முதல் ரயில் ஓடும் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கம்பக்கமாகக் கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம் வரும். எஞ்சினின் பற்சக்கரம் இவற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறது. ஒவ்வொரு பல்லும் அதற்கு முந்தைய பல்லைப் பார்த்து அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றிருந்தால், சில அடி போவதற்குள் பற்சக்கரம் பல்லின் தலையில் ஏறி நிற்கும். தம்பிக்கு இதைச் சொன்ன பிறகுதான் அவன் தன் பிளாட்டை மறுபடி உற்றுப் பார்த்தான்.

செய்ய வேண்டியது இதுதான். இரும்பைத் தொடும் முன் ஒரு தாளில் எல்லா அளவுகளையும் ஒரே முனையிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்: 75, 225, 375, 525 என்று தொடங்கி 3525 வரை. டேப்பை ஒரு முறை நீட்டிக் கவ்வி வையுங்கள். எல்லாக் குறிகளும் விழும்வரை அதை எடுக்காதீர்கள். இப்படி வைத்தால் ஒரு குறியில் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் அது அந்தக் குறியோடு முடிந்துவிடும். அடுத்த குறிக்குப் போகாது.

அந்த முனையும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். யார்டில் கேஸ் வைத்து வெட்டிய முனை நேராக இருக்காது. அதை அரத்தால் சதுரமாக்குங்கள். முடியாவிட்டால் 10 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு கீறி, அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் பெயின்டால் ஒரு பொட்டு வையுங்கள். சானலைத் திருப்பிப் போட்ட பிறகு எது தொடக்கம் என்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஜோடியாக வரும் பொருளைத் தனித்தனியாகக் குறிக்கவே கூடாது. இரண்டு சானல்களையும் முதுகோடு முதுகாகக் கவ்வி, மூலைமட்டத்தை வைத்து இரண்டின் குறுக்கேயும் ஒரே கோடாகக் கீறுங்கள். அல்லது ஒன்றில் துளை போட்டுவிட்டு, அதையே அச்சாக வைத்து மற்றதைத் துளையுங்கள். கன்வேயரில் 150 சற்று முன்பின் ஆனாலும் பெல்ட் ஓடும். எதிரெதிர்த் துளைகள் நேராக இல்லையென்றால் ஓடாது. இந்த ஒன்றை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் போதும்.

“துளையை நீளமாக்கிக்கொள்ளலாமே அண்ணா” என்று இப்போதும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 24 துளைகளை நீளமாக்கினால் ஒவ்வொரு போல்ட்டும் அதிர்வில் நகர இடம் கிடைக்கும். இன்று சரிசெய்த கோணல் மூன்று மாதத்தில் திரும்பிவிடும். எங்களுக்கு இரும்பு சமவெளியிலிருந்து மலையேறி வர வேண்டும். சானல் 6 மீட்டராக வருகிறது. அதில் 3600 வெட்டியதைக் கெடுத்தால் மிச்சம் இருக்கும் 2400 உதவாது. இன்னொரு முழு நீளம் வாங்க வேண்டும், அதற்கு வண்டி வாடகையும் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் அன்று என் மேஸ்திரியின் கையிலிருந்து போனது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த 64-ஐ மட்டும் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்தார்.

எல்லாத் துண்டுகளையும் முன்கூட்டியே குறித்துவிடுவது

மேலே சொன்னது துளைக்கு. துண்டுகளாக அறுப்பதற்கு அது பொருந்தாது. இரும்பு அறுக்கும் 14 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தின்றுவிடும். ஒரே ஆங்கிளில் (‘L’ வடிவ இரும்பில்) பத்துத் துண்டுகளை அடுத்தடுத்துக் குறித்துவிட்டு அறுத்தால் அந்த 3 மில்லிமீட்டர் யாரோ ஒரு துண்டின் பங்கிலிருந்து போகும். ஒன்றைக் குறியுங்கள், அறுங்கள், பிறகு அடுத்ததைக் குறியுங்கள். கழிவுப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுங்கள். சக்கரம் அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும், கோடு நம் துண்டில் மிஞ்ச வேண்டும். மாக்கல்லால் போட்ட கோட்டின் தடிமனே 2 மில்லிமீட்டர் வரும். அதில் எந்த விளிம்பு அளவு என்பதை அறுப்பவருக்கும் சொல்லிவிடுங்கள்.

டேப்பின் கொக்கியை இறுக்குவது

கொக்கி ஆடுகிறது என்று ஒரு தம்பி ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டான். அது ஆடத்தான் வேண்டும். தன் தடிமன் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால்தான், வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டினாலும் ஒரே அளவைக் காட்டும். தேய்ந்த கொக்கியை நம்பாமல் 100-இலிருந்து அளப்பது நல்ல பழக்கம். ஆனால் அப்படி அளக்கும்போது கூட்டிய அளவைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மனக்கணக்கில் விட்டால் ஒரு நாள் 1500-க்கு 1400 நீளத் துண்டு கையில் நிற்கும். ஒரு வேலைக்கு ஒரே டேப். நடுவில் பக்கத்து ஆளின் டேப்பைக் கேட்காதீர்கள்.

சூடு ஆறாமல் அளப்பது

குன்னூரில் காலை குளிர். வெல்டிங் முடித்த 2 மீட்டர் ஆங்கிள் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், ஆறிய பிறகு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். ஆறட்டும்.

ஈரத்தின் மேல் சாயம் பூசுவது

எங்கள் ஊரில் மூடுபனி பட்டறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு காலையில் வியர்த்திருக்கும். கீறும் கோடு பளிச்சென்று தெரிவதற்காக அதன் மேல் பூசும் நீலச் சாயம் பிடிக்காது. ஸ்கிரைபர் பட்டவுடன் தோலாக உரிந்து கோட்டையும் கொண்டுபோகும். துடைத்துக் காயவைத்த பிறகு மெல்லிசாக ஒரு பூச்சு போதும். அரம் போட்டுத் துலக்கிய எஃகுக்கு மயில்துத்தக் கரைசல் இன்னும் நல்லது. உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கும் வீடுகளில் கிடைக்கும் அதே மயில்துத்தம்தான். எண்ணெய்ப் பசை இல்லாத இரும்பில் பட்டால் செம்பு மெல்லிய படலமாகப் படியும், அதில் கீறிய கோடு வெள்ளியாக மின்னும். கை தேய்த்தாலும் அழியாது. அளவு பார்க்க வைத்திருக்கும் சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டிலும் அளவுக் கருவிகளிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. அரித்துவிடும். வார்ப்பு இரும்பின் கரடான மேல்தோலுக்கு இது ஒன்றும் ஆகாது. அதற்குச் சுண்ணாம்பு போதும்.

மடிக்கும் கோட்டை ஸ்கிரைபரால் கீறுவது

மடிக்கும்போது தகடு அந்தக் கீறலில்தான் விரிசல் விடும். பென்சில் எடுங்கள்.

வட்டத்தைக் கவராயத்தால் நடந்து பிரிப்பது

இதுவும் தாவுவதுதான், வட்டத்தில் நடக்கிறது. ஃபிளாஞ்சில், அதாவது குழாய்களைப் பூட்டும் வட்டத் தகட்டில், 200 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் எட்டுத் துளைகள் என்றால், கவராயத்தை 76.54-க்குத் திறந்து எட்டு அடி நடந்தால் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும். வருவதில்லை. ஒவ்வோர் அடியிலும் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் முடிவில் ஏறக்குறைய 0.9 இடைவெளி நிற்கும். மையத்தின் வழியாக ஒரு விட்டத்தைக் கீறுங்கள், அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. நான்கு கால் வட்டங்களையும் பாதியாக்குங்கள். ஒவ்வொரு புள்ளியும் மையத்திலிருந்து பிறந்ததாக இருக்கும். கவராயத்தைச் சரிபார்க்க மட்டும் நடத்துங்கள். நடுவில் பெரிய துளை இருந்தால், மரக்கட்டை ஒன்றை இறுக்கமாக அடித்து அதன் மேல் சிறு தகரத்தை அறைந்துகொண்டால் மையத்துக்கு இடம் கிடைக்கும்.

இடமும் வலமும்

நான்கு பிராக்கெட் என்றால் பெரும்பாலும் அது இடப்பக்கத்துக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு. நான்கையும் ஒரே மாதிரி குறித்துவிட்டு, பூட்டும் நாளில் கண்டுபிடிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குறிக்கும் முன் நான்கையும் மேசையில் முகம் பார்த்து அடுக்குங்கள்.

குத்திய பிறகு அளப்பது

கோட்டை அழித்துவிடலாம். பஞ்ச் குழியை அழிக்க முடியாது, டிரில் அந்தக் குழிக்குள்தான் இறங்கும். முதலில் 60 பாகை முனையுள்ள டாட் பஞ்சால் லேசாகத் தட்டுங்கள். தள்ளியிருந்தால் அந்த நிலையில் பஞ்சைச் சாய்த்து இழுத்துக்கொள்ளலாம். சரியென்று கண்ட பிறகே 90 பாகை சென்டர் பஞ்ச். இவை இரண்டுக்கும் முன்னால் எதிர் முனையிலிருந்து ஒரு முறை அளந்து, மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நான் அன்று செய்யாதது இந்த ஒரு நிமிட வேலைதான். 64 என்று தெரிந்திருந்தால் சாயத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கியிருப்பேன்.

தம்பி தன் பிளாட்டைத் துடைத்தான். பத்து அளவுகளையும் ஒரே முனையிலிருந்து தாளில் எழுதி என்னிடம் காட்டிவிட்டுக் குறித்தான். எதிர் முனையிலிருந்து அளக்கச் சொன்னேன். ஆறாவதும் ஏழாவதும் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தன. மறுபடி நீலம் பூசி அந்த இரண்டையும் திருத்தினான். அதன் பிறகு சுத்தியலை அவனிடம் கொடுத்தேன்.