தனியார் நர்சிங் காலேஜில் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார்டு பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கவனிப்பது என் வேலை. தாமதமாக வராதே, சீருடையைத் தேய்த்துப் போடு என்பதெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை அவரவர் அம்மாவே சொல்லிவிடுவார்.

"ரெஜிஸ்டர்டு" போர்டை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த கையோடு ஒரு சின்ன காலேஜில் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடை, அடையாள அட்டை எல்லாம் கொடுத்தார்கள். அவள் அம்மா கோவிலில் பார்ப்பவரிடமெல்லாம் "மகள் நர்சுக்குப் படிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கைக்கு வந்தது கேர்கிவர் சான்றிதழ். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அது உதவும். நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏற உதவாது. கட்டிய ஃபீஸ் போனது போனதுதான். கேட்கப் போனால், "ரெஜிஸ்டர்டு என்றுதானே சொன்னோம்" என்றார்களாம். பொய்யில்லை பாருங்கள், கம்பெனியாகப் பதிந்திருந்தாலும் அது ரெஜிஸ்டர்டுதான்!

காலேஜைப் பற்றிக் கேட்டால் போதாது, நீங்கள் சேரும் படிப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். காலேஜுக்கு உயர்கல்வித் துறையின் பதிவு, படிப்புக்கு உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம், படிப்புத் தகுதிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான சாக்வாவில் அதற்கொரு எண், இதற்கெல்லாம் மேலே நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம். நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். "விண்ணப்பித்திருக்கிறோம், அடுத்த மாதம் வந்துவிடும்" என்றால், "சரி, வந்தபிறகு வருகிறேன்" என்று எழுந்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற காலேஜ்களின் பட்டியலைக் கவுன்சிலே இணையதளத்தில் வைத்திருக்கிறது.

அக்கா படித்த படிப்பைத் தேடுவது

கீழ்நிலை நர்சுகள் முழு நர்சாக உயரப் படித்த பழைய பிரிட்ஜிங் கோர்ஸுக்கு 2019-ஓடு சேர்க்கை முடிந்துவிட்டது. இப்போது ஓராண்டு ஹையர் சர்டிஃபிகேட், மூன்றாண்டு டிப்ளமோ, நான்காண்டுப் பட்டம். ஆம்புலன்ஸ் பக்கமும் இதே கதை: சில வாரங்களில் முடிந்த பிஏஏ என்ற அடிப்படை ஆம்புலன்ஸ் உதவியாளர் படிப்பு போய், அங்கேயும் ஓராண்டு ஹையர் சர்டிஃபிகேட் வந்துவிட்டது.

அரசின் மாணவர் நிதியுதவியான என்எஸ்ஃபாஸ் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது

தனியார் காலேஜுக்குக் கிடைக்காது.

வார்டு எங்கே என்று கேட்காமல் பணம் கட்டுவது

சின்ன காலேஜுக்குச் சொந்த மருத்துவமனை இருக்காது. எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம், பிரசவ வார்டும் அதில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி மணிநேரம் நிறையாவிட்டால், பரீட்சையில் தேறியும் பதிவு நிற்கும். அப்புறம், காலை ஷிஃப்டுக்கு ஃபீனிக்ஸ் போன்ற புறநகரிலிருந்து எப்படிப் போய்ச் சேருவீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

லாக்புக்கை (வார்டு பயிற்சிப் பதிவேட்டை) மாதக் கடைசியில் நிரப்புவது

கையெழுத்துப் போட வேண்டிய சிஸ்டர் அன்றைக்கு லீவில் இருப்பார்.