வைஃபை இழுவைக்குக் காரணம் என் பிரிண்டர்

நான்கு நாளாக மாலையானால் படுக்கையறையில் வீடியோ கால் அறுந்துகொண்டே இருந்தது. ரூட்டரை அணைத்துப் போட்டேன், கடவுச்சொல்லை மாற்றினேன், இணைய நிறுவனத்துக்கும் புகார் செய்தேன். பலன் இல்லை.

பிறகு ஃபோனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டேன். 'டைரக்ட்' என்று தொடங்கும், யாருடையது என்றே தெரியாத நெட்வொர்க் ஒன்று சேனல் 6-ல் (சேனல் என்றால் வைஃபை ஓடும் அலைவரிசைத் தடம்). பக்கத்து வீடு என்று நினைத்து வாசலுக்குப் போனால் சிக்னல் -75. மேசைப் பக்கம் வந்தால் -35. மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் குறையக் குறைய அருகில் இருக்கிறது என்று பொருள்.

அதன் மேக் முகவரியை (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) இணையத்தில் தேடினால் எந்தத் தயாரிப்பாளரும் வரவில்லை. இங்கேதான் பலர் கோட்டைவிடுவார்கள். கூடுதல் நெட்வொர்க்குக்குச் சில சாதனங்கள் முகவரியின் முதல் இரண்டு இலக்க எண்ணில் 2 கூட்டிக்கொள்ளும். 06-ஐ 04 ஆக்கினேன். பிரிண்டர் அடியில் ஒட்டியிருந்த முகவரி அப்படியே வந்தது! யூஎஸ்பி கேபிளில் ஓடுவதால் அதன் வைஃபையை நான் நினைக்கவே இல்லை.

பிரிண்டர் மெனுவில் வைஃபை டைரக்டை (ரூட்டர் இல்லாமல் நேரடியாக இணைய அது தானே பரப்பும் நெட்வொர்க்) அணைத்தேன். ரூட்டர் தானாகச் சேனல் 4-ல் உட்கார்ந்திருந்தது. அது 1, 6 இரண்டோடும் மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. எங்கள் பக்கம் 11 காலி. ரூட்டரை அதில் வைத்து, பக்கத்துச் சேனல்களில் படராமல் இருக்கச் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். அன்று மாலையிலிருந்து கால் அறுபடவில்லை.