ஜாம் போத்தலில் ஒரு தூண்டில் விளக்கு: தண்ணீருக்குள் எரியும் வெளிச்சத்தை வீட்டிலேயே செய்வோம்

வன்னியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க, போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்தோம். பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். இன்று அதே போத்தலை எடுத்து, கடலுக்குள் இறக்கிக் கணவாய்க்குத் தூண்டில் போட ஒரு விளக்குச் செய்யப் போகிறோம். ஈயம் பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

செய்வதற்கு முன் ஒரு விஷயம். இது கைத்தூண்டிலுக்கான சின்ன விளக்கு. பெரிய வெளிச்சம் பாய்ச்சி, கூடும் மீனை வலையால் வளைத்து அள்ளுவதை எதிர்த்து முல்லைத்தீவுக் கரையில் நம் தொழிலாளர்கள் பலமுறை வீதிக்கு வந்திருக்கிறார்கள். குஞ்சும் குருமனுமாக அள்ளிப் போனால் கரையோரத்தில் சின்ன வள்ளத்தில் போகிறவனுக்கு என்ன மிஞ்சும்? அதனால் வலையோடு இதைச் சேர்க்க வேண்டாம். தூண்டிலுக்கு என்றாலும், உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்டுவிட்டே இறக்குங்கள். கொக்கிளாய்ப் பறவைகள் சரணாலயம், சுண்டிக்குளம் தேசியப் பூங்கா பக்கம் கொண்டு போகவே கூடாது.

வேண்டிய சாமான்கள்

உள்ளே இறப்பர் வளையம் வைத்த பிளாஸ்ரிக் மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்று, ஏறக்குறைய 450 மில்லிலீற்றர் கொள்வது. தகர மூடி வேண்டாம், உப்பில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். 12 வோல்ட் பச்சை எல்ஈடி பட்டி 60 சென்ரிமீற்றர். அரை இஞ்சி பிவிசி பைப்பில் 10 சென்ரிமீற்றர் துண்டு. இரட்டை வயர் 5 மீற்றர். 12 வோல்ட் 7 அம்பியர்மணிப் பற்றரி, கணினி யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது போன்றது. 2 அம்பியர் பியூஸ், அதற்கான கூடு. அரல்டைட் போல இரண்டு ரியூப்பில் வரும் பசை, மெதுவாக இறுகும் வகை. இவற்றோடு உப்புத்தாள், நைலோன் கயிறு, பழைய வலைத் துண்டு, ஈயக்கட்டி.

ஏன் பச்சை? தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை முதலில் விழுங்கிவிடும். தெளிந்த ஆழ்கடலில் நீலம் அதிக தூரம் போகும். பாசியும் வண்டலும் கலந்த கரையோரத் தண்ணீரில் பச்சைதான் தூரம் போகிறது. கடையில் வெள்ளை மட்டும் இருந்தால் அதையும் வாங்கலாம், வேலை செய்யும்.

பட்டியைச் சுற்றுதல்

மீற்றருக்கு 60 பல்ப் உள்ள 5050 வகைப் பட்டி (பல்ப் ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றர்ச் சதுரம்) மீற்றருக்கு 14.4 வாற்ஸ் எடுக்கும். நம் 60 சென்ரிமீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் 8.6 வாற்ஸ், அதாவது 0.7 அம்பியர் சொச்சம். 7 அம்பியர்மணிப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பாவித்தால் நாலரை மணித்தியாலம் தாராளமாக எரியும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் இந்த வகைப் பற்றரி சீக்கிரம் செத்துப்போகும்.

பட்டியில் மூன்று பல்ப்புக்கு ஒரு முறை வெட்டும் கோடு இருக்கும். அந்தக் கோட்டில் மட்டும் வெட்டுங்கள். பைப் துண்டில் ஏணைக்கயிறு சுற்றுவது போல, ஒரு சுற்றுக்கு அருகே மறு சுற்றாகச் சுற்றி ஒட்டுங்கள். சுமார் ஒன்பதரைச் சுற்று வரும். பட்டியின் பின்பசையை நம்ப வேண்டாம், இரண்டு முனையையும் நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

மூடியும் வயரும்: முழு வேலையும் இங்கேதான்

நான் செய்த முதல் விளக்கு மூன்றாம் இரவில் அணைந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர். மூடியின் பசையில் வெடிப்பு இல்லை, போத்தலிலும் கீறல் இல்லை. வயரைப் பிளந்து பார்த்தபோதுதான் விளங்கியது. செம்புக் கம்பிகள் நீளத்துக்கும் பச்சை பூத்திருந்தன. வெளி உறையில் ஊசி முனையளவு ஒரு காயம். அதன் வழியே புகுந்த உப்புத் தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவது போல மெல்லிய கம்பிகளுக்கு இடையில் ஊர்ந்து போத்தலுக்குள் வந்திருக்கிறது.

அந்த வழியை இப்படி அடைக்கலாம். மூடியில் வயர் இறுக்கமாகப் போகும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். வயரின் வெளியுறையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், வழுவழுப்பில் பசை பிடிக்காது. மூடிக்கு உட்புறம் வரும் இடத்தில் இரண்டு வயரிலும் ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தோலை உரித்து, அந்த வெறும் செம்புக்குள் பற்றவைக்கும் ஈயத்தை உருக்கி ஓட விடுங்கள். கம்பிகள் எல்லாம் ஒரே கட்டியாக வேண்டும். இரண்டு உரித்த இடங்களும் ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வையுங்கள். தொட்டால் பியூஸ் போகும். இப்போது மூடியைக் கவிழ்த்து வைத்து, அந்த ஈயப் பகுதி முழுதும் மூழ்கும்வரை நடுவில் பசையை ஊற்றுங்கள். ஓரத்து மரையில் பசை பட விடாதீர்கள். வெளியுறை கிழிந்து தண்ணீர் ஏறினாலும் இந்தக் கட்டியில் வந்து நின்றுவிடும்.

பசையின் இரண்டு பகுதியையும் சம அளவில் எடுத்து இரண்டு நிமிடம் கலக்குங்கள். அவசரப்பட்டால் நடுவில் இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஒரு நாள் முழுதும் தொடாமல் விடுங்கள். பசைக்குப் பதிலாகச் சிலிக்கன் வைக்க நினைப்பவர்கள் மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அந்த வகை செம்பை அரிக்கும், வேண்டாம்.

இறுகிய பிறகு வயர் முனைகளைப் பட்டியின் சக (+), சய (−) புள்ளிகளில் பற்றவையுங்கள். மாறிப்போனால் எரியாது, அவ்வளவுதான்.

கிணற்றில் ஒரு இரவு

கடலுக்குக் கொண்டு போக முன் கிணற்றில் பரீட்சை வையுங்கள். பட்டி சுற்றிய பைப் துண்டை வயரிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவிட்டு, மைப்பேனையால் எழுதிய ஒரு கடதாசித் துண்டை உள்ளே போடுங்கள். போத்தலையும் வயரையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கல்லைக் கட்டி, மூன்று மீற்றர் ஆழத்துக்கு இறக்கி விடியும் வரை விடுங்கள். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால், மூன்று மீற்றரில் அதன் மூன்றில் ஒரு பங்கு போல மூடியை அழுத்தும். காலையில் எழுத்துக் கரையாமல் இருந்தால் சரி. மை பரவியிருந்தால் பெரும்பாலும் மூடியின் இறப்பர் வளையத்தில்தான் பிழை. அதை மாற்றி, கொஞ்சம் கிறீஸ் தடவி மறுபடி பாருங்கள்.

பிறகு பட்டியை மறுபடி வயரில் பற்றவைத்து, நல்ல வெயில் உள்ள மத்தியானத்தில் மூடுங்கள். ஈரக்காற்றோடு மூடினால் குளிர்ந்த தண்ணீரில் உள்ளே புகார் படியும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றை உள்ளே போட்டால் இன்னும் நல்லது.

அமிழ வைத்தல்

மூடிய போத்தல் தானாக மிதக்கும். ஒரு லீற்றர் தண்ணீரைத் தள்ளும் பொருளை ஒரு கிலோ மேலே உந்தும். நம் போத்தல் வெளியளவில் 600 மில்லிலீற்றர் என்று வைத்தால், எல்லாம் சேர்த்து 600 கிராமுக்கு மேல் நிறை வேண்டும். போத்தல் 250 கிராம் என்றால் மிச்சத்துக்கு அரைக் கிலோ ஈயம் போதும். நீரோட்டம் இழுக்கும் இடத்தில் இன்னும் கூட்டுங்கள். போத்தலைப் பழைய வலைத் துண்டால் சுற்றி, ஈயத்தை அடியில் கட்டுங்கள். வள்ளத்தின் ஓரத்தில் மோதும்போது கண்ணாடியை அந்த வலை காப்பாற்றும். தூக்குவது எப்போதும் கயிற்றால்தான், வயர் தளர்வாகக் கூட வர வேண்டும்.

பியூஸைப் பற்றரியின் சக முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். பற்றரியை மூடியுள்ள வாளியில் வையுங்கள். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைத் தண்ணீருக்குக் கிட்ட எந்த வடிவத்திலும் கொண்டு போகாதீர்கள், அது ஆளைக் கொல்லும்.

கடலில்

நிலவு நாளில் பலன் குறைவு, அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்கள் பாருங்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அளம்பில், செம்மலைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், இந்த வேலைக்கு அது காலம் இல்லை. கடலாமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறும், ஆகவே கரையில் வைத்து எரிக்காதீர்கள். களப்பிலோ குளத்திலோ விளக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவும் கூடாது. முதலை இருக்கும்.

ஒன்றரை மீற்றர் ஆழத்தில் இறக்கி, சத்தம் போடாமல் இருங்கள். முதலில் தூசி போலச் சின்ன உயிர்கள் சுழலும். பிறகு நெத்தலிக் குஞ்சுகள், அவற்றுக்குப் பின்னால் மேல்மட்டத்தில் முரல். கணவாய் வெளிச்சத்தின் நடுவுக்கு வராது. வெளிச்சம் முடிந்து இருட்டுத் தொடங்கும் கோட்டில், வள்ளத்தின் நிழலோரமாக நிற்கும். தூண்டிலை அந்தக் கோட்டுக்கு வெளியே எறிந்து, மெதுவாக உள்ளே இழுங்கள்.

விளக்கை எரியவிட்டபடி தண்ணீருக்கு வெளியே வைக்காதீர்கள், குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் பட்டி சூடேறும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, வயரை விரலுக்குள் ஓட விட்டுக் காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நிழலில் தொங்க விடுங்கள்.